ரேகை இல்லாத விரல்கள்

ஆம்பூர்,
9 ஆகஸ்டு 1931

கனம் பொருந்திய அப்பாவுக்கு, மகள் கிருபாவதியின் ஸ்தோத்திரம். உங்கள் இருமல் தணிந்ததா? அம்மாவின் முழங்கால் எப்படி? நான் சுகம்.

பயப்பட ஒன்றுமில்லை, ஒரு விநோதம் மட்டும் சொல்கிறேன். எல்லோரிடமும் வரி வாங்கும் தாலுகா போர்டார் டவுன் பள்ளிக்கூடத்துக்குக் கட்டடம் தந்தார்கள். எங்கள் சேரிப் பள்ளிக்குக் கூரைகூடத் தரவில்லை. கர்த்தர் தம் சாயலில் படைத்த பிள்ளைகளில் ஒன்றுக்குப் பெஞ்சு, இன்னொன்றுக்குச் சேறு என்பது நியாயமா என்று மனு எழுதினேன். தோல் பதனிடும் கொட்டகையில் வேலை செய்யும் நாற்பது பெற்றோர் கைநாட்டு வைத்தார்கள்.

போர்டு குமாஸ்தா மனுவைத் திருப்பி நீட்டினார். "இன்னாம்மா, ஒரே கட்டைய நாப்பது தபா குத்தி எடுத்தாந்தீங்களா?"

பார்த்தேன். நாற்பதும் வழவழப்பான கறுப்பு வட்டங்கள். ஒன்றிலும் ரேகை இல்லை. கண்ணில்லாத முகங்கள் என்னையே பார்ப்பதுபோல் இருந்தது.

கைநாட்டு வைத்தவர்களில் ஒருத்தியான அன்னம்மாளிடம் சொன்னபோது சிரித்தாள். "தோல் ஊறுற சுண்ணாம்புத் தொட்டி ரேகைய எப்பவோ தின்னுடுச்சு டீச்சரம்மா. புள்ளைங்களுக்கு இருக்குது, அதுங்கள வைக்கச் சொல்லுங்க."

நேற்று வகுப்பில் பிள்ளைகளைப் பெருவிரல் ஒற்றச் சொன்னேன். ஒவ்வொரு விரலிலும் கர்த்தர் தனித்தனியே வரைந்த கோடுகள். அன்னம்மாளின் மகள், எட்டு வயது சவுரியம்மாள் ஒற்றியது மட்டும் வெறும் கறுப்பு. மறுபடி ஒற்றினாள், அதே கறுப்பு. பள்ளி விட்டதும் தாயோடு தொட்டியில் இறங்குகிறாளாம்.

நாளை அவள் தாளை மனுவின் மேலே வைத்துப் போர்டாரிடம் நானே போகிறேன்.

தபால்காரர் நிற்கிறார். கருப்பட்டி கொஞ்சம் அனுப்புங்கள். பதிலில் அம்மாவின் பெருவிரலை மையில் தொட்டு ஒற்றச் சொல்லுங்கள், அப்பா. ரேகையுள்ள விரல் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

கிருபாவதி