கோட்டை வாசலில் ஓர் ஆள்

அன்புள்ள அத்தானுக்கு,

அந்நிய ஊர் அச்சகத்துச் சாப்பாடு உங்கள் உடம்புக்கு ஒத்துக்கொண்டிருக்கும் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். குழந்தைக்குச் சளி விட்டுவிட்டது. அத்தைக்கு முழங்கால் வலி அப்படியேதான்.

நீங்கள் வரைந்து அங்கே அச்சடித்த தபால்தலைகள் வந்துவிட்டன. சுதந்திர நாட்டின் முதல் வரிசை என்று தபால் நிலையத்தில் ஒரே தள்ளுமுள்ளு. மணிக்கூண்டைக் கொஞ்சம் ஒல்லியாக்கிவிட்டீர்கள், என்னைப் பார்த்து வரைந்தீர்களோ என்னவோ. கோட்டை வாசல்தான் எல்லோருக்கும் பிடித்தது.

கட்டடத்தின் உயரம் தெரிய பக்கத்தில் ஓர் ஆளை நிறுத்தாவிட்டால் உங்களுக்குத் தூக்கம் வராதே. அந்த வாசலிலும் எறும்பளவில் ஒருவனை, தொப்பியோடு, இடது கையைத் தூக்கியபடி நிறுத்திவிட்டீர்கள். சுதந்திர நாளன்று அங்கே அப்படி நின்று பேசிய அமைச்சர் இப்போது துரோகி. அவர் படத்தை எல்லாச் சுவரிலிருந்தும் கழற்றிவிட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை இருவர் பூதக்கண்ணாடியோடு வந்து, இது யார் என்று மரியாதையாகத்தான் கேட்டார்கள். யாருமில்லை, அளவுக்கு நிறுத்திய ஆள் என்றேன். யாருமில்லாத ஆளுக்கு எதற்குத் தொப்பி என்று சிரித்தார்கள். உள்ளேயிருந்து வந்த உங்கள் தம்பி, "அது நான்தான் சார், அண்ணன் என்னை நிக்க வெச்சுதான் வரைஞ்சாரு" என்றான். அப்படியே நின்று காட்டச் சொன்னார்கள். பாவி, வலது கையைத் தூக்கிவிட்டான்.

விசாரித்துவிட்டு அனுப்புவதாகச் சொல்லி அழைத்துப் போனார்கள். செருப்பு போடக்கூட விடவில்லை. நேற்று மாற்றுச் சட்டை கொண்டு போனேன். அப்படி ஒருவர் இங்கே இல்லை என்றார்கள். வீட்டுக்கு எதிரே ஒரு கார் நிற்கிறது. உங்கள் கப்பல் என்றைக்கு வரும் என்று அதில் இருப்பவர் தினமும் வந்து கேட்கிறார்.

அதனால்தான் இதைத் தபாலில் போடாமல், கப்பலில் சமையல் செய்யும் நம் பக்கத்து வீட்டுக்காரர் கையில் கொடுக்கிறேன்.

நீங்கள் வந்து விளக்கிச் சொன்னால் சின்னவனை விட்டுவிடுவார்கள் என்று அத்தை நம்புகிறார். உடனே வரச் சொல்லி எழுது என்று பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். எழுதிவிட்டேன் என்று சொல்லியிருக்கிறேன். அவருக்குப் படிக்கத் தெரியாதது இன்று எனக்கு உதவுகிறது. என்னை மன்னித்துவிடுங்கள்.

தன் ஆசியையும் சேர்த்து எழுதச் சொல்கிறார்: "சீக்கிரம் வந்து சேருப்பா, நூறு வருஷம் நல்லா இருப்பே."

பின்பாதியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், அத்தான்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி