ஒதுக்கி வைத்த மூன்று அளவுகள்

அன்புள்ள வாயாடிக்கு,

இங்கே நானும் பாப்பாவும் சுகம். அவளுக்கு முன்பல் ஒன்று விழுந்தது. உனக்குக் காட்ட எடுத்து வைத்திருக்கிறாள். உன் ஆஸ்பத்திரியில் வேலை நேரத்தைக் குறைத்தார்களா? நோயாளிகளைப் பார்க்கிறேன் என்று சாப்பாட்டைத் தள்ளிப் போடாதே.

உன் தம்பியை நேற்றும் போய்ப் பார்த்தேன். வாய்க்கு ஒரு குறைச்சலும் இல்லை, குடும்ப வழக்கம். ஆனால் இடுப்புக்குக் கீழே இன்னும் உணர்வு வரவில்லை. வரும் என்று டாக்டரும் சொல்லவில்லை.

கட்டடச் சாரத்திலிருந்து விழுந்தான், பாதுகாப்புப் பட்டை தாங்கிப் பிடித்தது, ஆனாலும் முதுகெலும்பு போய்விட்டது என்று ஃபோனில் சொன்னேன். ஏன் போனது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

அந்தப் பட்டையில் அதிர்ச்சியை வாங்கிக்கொள்வதற்காக வைத்த துண்டு, எங்கள் சோதனைக்கூடத்துக்கு வந்த திரவப் படிக ரப்பர்தான். அதற்குள் குச்சி குச்சியாக மூலக்கூறுகள் இருக்கும். மெதுவாக இழுத்தால் அவை இழுக்கும் பக்கம் திரும்பி வரிசையில் நிற்கும். ரப்பர் இழுத்த இழுப்புக்கு வரும். வெடுக்கென்று இழுத்தால் திரும்ப அவகாசம் இல்லாமல் விறைத்துக்கொள்ளும். இதை உனக்கு முன்பு சொன்னபோது, "உங்க அம்மா மாதிரி" என்று நீ சிரித்தாய்.

மெதுவாக இழுத்த இருபது துண்டுகளும் ஒரே மாதிரி வந்தன. வேகமாக இழுத்த மூன்று மட்டும் ஐந்து மடங்கு விறைப்பைக் காட்டின. கொஞ்சம் விறைக்கும் என்று தெரியும். இவ்வளவு இருக்காது என்று நினைத்தேன். வேகத்தில் எங்கள் இயந்திரம் உதறும். கருவி அந்த உதறலைத்தான் அளந்திருக்கிறது என்று நோட்டில் எழுதி, மூன்றையும் ஒதுக்கினேன். இன்னொரு முறை இழுத்துப் பார்த்திருக்கலாம். பார்க்காமலே அறிக்கையில் கையெழுத்துப் போட்டேன். விழுகிற மனிதன் மெதுவாகவா விழுவான்? அந்தத் துண்டு விறைத்துக்கொண்டது, அதிர்ச்சி முழுவதும் தம்பியின் முதுகில் இறங்கிவிட்டது.

தம்பி பட்டையைச் சரியாக மாட்டவில்லை என்று விசாரணையில் எழுதப் போனார்கள். எங்கள் மேலாளர் என்னைத் தனியே அழைத்து, கேட்காத கேள்விக்கு எதற்குப் பதில் என்றார். நேற்றுக் காலை அந்த நோட்டை விசாரணை அதிகாரியிடம் கொடுத்துவிட்டேன். அந்தப் பட்டைகளை யாரும் இனி மாட்டக் கூடாது என்று உத்தரவு போயிருக்கிறது. எனக்கு வேலை போகும், வழக்கும் வரலாம்.

அங்கிருந்து நேராகத் தம்பியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டட்டும் என்று நின்றேன்.

"அக்காகிட்ட சொல்லிடாதீங்க மாமா. அவ உங்ககூட இருக்க மாட்டா" என்றான்.

அதைக் கேட்ட பிறகு என்னால் அந்த அறையில் நிற்க முடியவில்லை.

அவன் பேச்சை மீறித்தான் எழுதுகிறேன். விடுப்புக் கிடைத்ததும் வா. வந்ததும் முதலில் அவனைப் போய்ப் பார். வீட்டுக்கு வருவதா என்று அதற்குப் பிறகு யோசி. நீ வராவிட்டால் அதற்கான காரணத்தைப் பாப்பாவிடம் நானே சொல்கிறேன். உன் மேல் ஒரு சொல் வர விடமாட்டேன்.

மன்னிப்புக் கேட்கத் துணிவில்லாத
உன் வீட்டுக்காரன்