பத்துப் பேர் ஜெயித்த ஆட்டம்

எர்லன்ஸ்டெட்,
3 மார்ச் 1991

கர்த்தருக்குள் அன்பான எக்பர்ட் அவர்களுக்கு,

டீட்மாரின் மனைவி கெர்ட்ரூட் எழுதுகிறேன். அவர் டிசம்பரில் நெஞ்சு நோயில் இறந்துவிட்டார்.

நம் கிளப் ஐரோப்பியக் கோப்பைகளில் ஆடிய பதினான்கு ஆட்டங்களையும் மே மாத விழாவுக்குப் புத்தகமாகப் போடுகிறார்கள். என் கையெழுத்து திருத்தமாக இருக்கும் என்று செயலாளர் குன்ஸ் பழைய தாள்களை என்னிடம் கொடுத்தார். நான்கு வெற்றி, மூன்று சமன், ஏழு தோல்வி. வெளிநாட்டில் ஜெயித்தது ஒன்றே ஒன்று: 1973இல் ஸ்வீடனில், 1-0. அந்தத் தாளில் நம் பக்கம் பத்துப் பேர்தான் இருக்கிறார்கள். நீங்கள் கிழக்கு ஜெர்மனிக்குத் திரும்பாமல் அங்கேயே தங்கிவிட்டதும் உங்கள் பெயரை எடுத்தார்கள். எடுத்தவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை.

கோல் அடித்தவர் டீட்மார் என்று இருக்கிறது. பதினேழு வருஷம் அதற்காக ஸ்தோத்திரம் சொன்னேன். சாவதற்கு ஒரு வாரம் முன்பு அவர் என்னிடம், "ட்ரூடெ, அந்த கோல் நான் போட்டதில்ல. எக்பர்ட்டோடது," என்றார். அடுத்தவர் பெருமையிலா இத்தனை நாள் வாழ்ந்தோம் என்று எழுந்து ஜன்னலோரம் போய்விட்டேன். அதன்பிறகு அவரோடு சரியாகப் பேசவில்லை.

நீங்கள் எழுதிக் கொடுத்தால்தான் குன்ஸ் மாற்றுவார். எழுதித் தாருங்கள்.

இப்படிக்கு,
கெர்ட்ரூட்


கோத்தன்பர்க்,
14 மார்ச்

அன்புள்ள கெர்ட்ரூட்,

கடிதம் கண்டு அன்று வேலைக்குப் போகவில்லை. ஆள் இல்லாத கோலில்கூடப் பந்தை வெளியே அடிப்பான் டீட்மார். "எங்க சித்தி அடிப்பாடா இதை!" என்று கத்துவேன். "அப்போ அவளையே டீம்ல சேரு, நான் போய்ச் சூப் வைக்கிறேன்," என்பான்.

கையெழுத்துப் போட மாட்டேன். கோல் அவனிடமே இருக்கட்டும்.

எக்பர்ட்


எர்லன்ஸ்டெட்,
22 மார்ச்

அன்பான எக்பர்ட் அவர்களுக்கு,

இது இரக்கம் காட்டுகிற விஷயம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் திருவிருந்துக்கு எழுந்து போக எனக்குக் கால் வரவில்லை. என் புருஷன் திருடனா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்கள்.

கெர்ட்ரூட்


கோத்தன்பர்க்,
2 ஏப்ரல்

அன்புள்ள கெர்ட்ரூட்,

இல்லை. சத்தியமாக இல்லை.

ஆட்டத்துக்கு மறுநாள் காலை ஹோட்டல் படிக்கட்டில், ஊர் திரும்பப் போவதில்லை என்று அவனிடம் மட்டும் சொன்னேன். "போடா மடையா, நிக்காதே, ஓடு," என்றான். பஸ் கிளம்பும்முன் தலை எண்ணியபோது, "எக்பர்ட்டுக்கு வயித்தால போகுது, கக்கூஸை விட்டு எழ முடியல," என்று நாற்பது நிமிடம் எல்லோரையும் நிறுத்தி வைத்திருக்கிறான். அதற்குள் நான் ஸ்வீடன் போலீஸிடம் போய்ச் சேர்ந்துவிட்டேன்.

மற்றதை 1989இல் எல்லை திறந்தபிறகு எனக்கு எழுதினான். ஊர் வந்ததும் ரகசியப் போலீஸார் விசாரித்தார்களாம். கோலை அவன் பெயரில் போடப் போவதாகச் சொன்னதும் வேண்டாம் என்றானாம். "அப்போ அவன் போறது உனக்குத் தெரியும்னு அர்த்தம். உன் பொண்டாட்டியையும் கூப்பிட்டுக் கேட்போம்," என்றார்களாம். ஒப்புக்கொண்டான். உங்களிடம் சொல்லவில்லை. "அவளுக்குப் பொய் வராது. முதல் கேள்வியிலேயே அழுதுடுவா," என்று எழுதியிருந்தான். இனிமேலாவது சொல் என்றேன். நல்ல நாள் பார்த்துச் சொல்கிறேன் என்றான்.

குன்ஸுக்கு வேண்டிய தாளை இதோடு வைத்திருக்கிறேன். மே மாதம் வரட்டுமா?

எக்பர்ட்


எர்லன்ஸ்டெட்,
15 ஏப்ரல்

அன்பான எக்பர்ட் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைக் கிளப் கூட்டத்தில் எழுந்து நின்று வாசித்தேன். குன்ஸ் பதினொன்றாவது பெயரை எழுதினார். கோலும் உங்கள் பெயருக்கு வந்துவிட்டது. கோல்கீப்பர் உடோ, "அப்போ நம்ம டீட்மாருக்கு?" என்று கேட்டார். அவர் செய்ததை எழுத அந்தத் தாளில் இடம் இல்லை.

அவர் மீதியையும் சொல்லத்தான் அன்று ஆரம்பித்திருக்கிறார். நான்தான் எழுந்து போய்விட்டேன். மன்னிப்பு கேட்க இனி ஜெபத்தில் மட்டுமே முடியும். அது முடிகிறவரை, தயவுசெய்து வராதீர்கள். உங்களுக்காகக் கைதட்டுவார்கள். தட்ட வேண்டியதுதான். அதைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்க எனக்கு இந்த வருஷம் தெம்பில்லை. கோபம் என்று நினைக்காதீர்கள்.

கழிவறைக் கதவுக்கு வெளியே அந்த நாற்பது நிமிடமும் அவர் முகம் எப்படி இருந்திருக்கும் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறேன். உங்களைக் கேட்கலாம் என்று பேனா எடுத்தேன். உங்களுக்கும் தெரியாது. நீங்கள்தான் போய்விட்டீர்களே.

கர்த்தர் உங்களைக் காப்பாராக.
கெர்ட்ரூட்