ஒரு பொட்டுக்கு நின்றுபோன கம்ப்யூட்டர்

அன்று போத்தனூர் வீட்டு முன்னறையில் ஏழு பேர் இருந்தோம். நீங்கள். உங்கள் மாமனார். என் மகள் பூங்கொடி. கோபிசெட்டிபாளையத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்திறங்கிய என் அண்ணன் சென்னியப்பன். அவர் பெண்டாட்டி தெய்வாத்தாள். கணபதியில் இரும்பு வார்க்கும் பவுண்டரி வைத்திருந்த ரங்கசாமி. ஏழாவது ஆள் நான். சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்றேன். மற்றவர்களைக் கேட்டால் ஆறு பேர் என்பார்கள். நான் ஏழு என்றுதான் சொல்வேன்.

மாப்பிள்ளை, இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் உங்கள் மகள். நேற்று கடையிலிருந்து ஒரு லேப்டாப் வாங்கி வந்து என் கட்டில் மேல் வைத்துப் பிரித்தாள். புது பிளாஸ்டிக் வாசனை குப்பென்று வந்தது. உங்கள் கம்ப்யூட்டர் சாமான்கள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்த நாட்களில் வீட்டில் அடித்த அதே வாசனை. “பின்னாடி இதுல மெமரி சேர்த்திக்கலாமா கண்ணு?” என்று கேட்டேன். அவளுக்குச் சிரிப்பு. “எல்லாம் உள்ளயே ஒட்டி வந்துருது அம்மாயி. தொறந்தா கேரண்டி போயிருமாமா” என்றாள். ராத்திரி முழுக்க உங்கள் கம்ப்யூட்டர் டப்பாதான் நினைப்பில் இருந்தது.

உங்களுக்கும் பூங்கொடிக்கும் கல்யாணமாகி அப்போது நாலு வருஷம். அந்த நாலு வருஷத்தில் நான் உங்கள் முன்னால் வந்து நின்று ஒரு வார்த்தை பேசியதில்லை. எங்கள் பக்கத்தில் மாமியார்கள் அப்படித்தான். காப்பி வேண்டுமா என்று பூங்கொடியிடம் கேட்பேன். நீங்களும் போதும் என்று அவளிடம்தான் சொல்வீர்கள். மூன்று பேரும் ஒரே வீட்டுக்குள் இருப்போம், பேச்சு மட்டும் அவள் வழியாகச் சுற்றிப் போகும்.

பம்ப் கம்பெனியில் படம் வரைகிற வேலையை விட்டுவிட்டு, வீட்டிலேயே கம்ப்யூட்டர் வைத்துப் பட்டறைகளுக்கு வரைந்து கொடுக்கப் போவதாக நீங்கள் சொன்னபோது, அண்ணன் தாய்மாமன் சீராக ஒரு கம்ப்யூட்டர் வாங்கித் தருவதாகச் சொன்னார். நல்ல மனசோடுதான் சொன்னார், அதை இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் கம்பெனிப் பெயர் போட்ட பெட்டியாக, வேனில் வந்து, தெரு பார்க்க இறங்க வேண்டும் என்று அவருக்கு ஆசை.

“அது வேண்டாமுங்க” என்றீர்கள். “சாமானா வாங்கி நானே சேத்திக்கறனுங்க. அதே ரூபாய்க்கு மெமரி டபுளாக் கெடைக்கும். ஒண்ணு கெட்டுப்போனா அதை மட்டும் மாத்திக்கலாம்.”

“பொண்ணுப் பார்க்கப் போனா முழுசாத்தான் தம்பி பார்ப்போம்” என்றார் அண்ணன். “மூக்கு ஒரு ஊட்டுல, காது ஒரு ஊட்டுலன்னா பார்ப்போம்?”

எல்லாரும் சிரித்தார்கள். நீங்களும் சிரித்துவிட்டு, “உங்க வண்டி மாடு ரெண்டையும் ஒரே ஆளுகிட்டயாங்க புடிச்சீங்க? அந்தியூர்ச் சந்தைல ஒண்ணொண்ணாப் பார்த்து ஜோடி சேர்த்ததுதானுங்களே?” என்றீர்கள். கதவுக்குப் பின்னால் நான் சிரித்தது அண்ணன் காதில் விழுந்துவிட்டது. அதற்கப்புறம் அந்தக் கம்ப்யூட்டரை அவர் ‘பொறுக்குச் சாமான்’ என்றுதான் சொன்னார்.

காந்திபுரத்து மாடிக்கடை ஒன்றிலிருந்து கொஞ்சம், சென்னையிலிருந்து பார்சலில் கொஞ்சம் என்று எல்லாம் வந்து சேர இரண்டு வாரம் ஆனது. முன்னறை மேஜையில் துணி விரித்து வேலை செய்தீர்கள். உட்காருமுன் ஒவ்வொரு தடவையும் இரும்பு பீரோவை ஒரு கையால் தொட்டுவிட்டு வருவீர்கள். பீரோ மேல் மாரியம்மன் படம் இருந்தது. சாமியைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் இந்தப் பையன் வேலையில் கை வைக்கிறான் என்று எனக்கு ஒரே நிறைவு. உடம்பிலிருக்கும் மின்சாரம் சாமானில் இறங்காமல் இருக்க அப்படித் தொட வேண்டுமாம். அது எனக்குப் பிற்பாடுதான் தெரியும்.

வியாழக்கிழமை சாயங்காலம் அது ஓடியது. திரையில் பம்ப்புக்குள் சுற்றுகிற சக்கரத்தைக் கோடு கோடாக வரைந்து பூங்கொடிக்குக் காட்டினீர்கள். மறுநாள் காலை ரங்கசாமி வருவதாக இருந்தது. அவருக்குத் திருப்தியானால் பவுண்டரியின் வருஷத்துப் படம் அத்தனையும் உங்களுக்கு. கம்பெனியில் ஏற்கனவே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருந்தீர்கள். கையில் வேறு வேலை கிடையாது. உள்ளே இருப்பதையும் அவருக்குக் காட்டலாம் என்று மூடியைக் கழற்றியே வைத்திருந்தீர்கள்.

வெள்ளிக்கிழமை நீங்கள் குளிக்கப் போயிருந்தீர்கள். உங்கள் மாமனார் ரங்கசாமியை அழைத்துவர பஸ் ஸ்டாப்புக்குப் போயிருந்தார். பூங்கொடி கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். டப்பாவின் நெற்றியில் நான் சந்தனம் வைத்துக் குங்குமமும் வைத்தேன். அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்தபடி, “மேல வெச்சாப் போதுமா அம்மணி? உள்ள வெய்யி. உசுரு உள்ளதானே இருக்குது? என்ற கெணத்து மோட்டாருக்கு மூடியக் கழட்டித்தான் வெக்கறேன்” என்றார். சந்தனக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு என் பக்கத்தில் நின்றவள் தெய்வாத்தாள். “கெட்டியா இருக்குது ருக்கு” என்று என்னிடம் சொல்லிவிட்டு அவளே இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டுக் குழைத்துக் கொடுத்தாள். உள்ளே நின்றுகொண்டிருந்த அட்டைகளில் ஐந்து இடத்தில் பொட்டு வைத்தேன். வாசலில் ஆள் சத்தம் கேட்டதும் மூடியைப் போட்டு, மேலே ஒரு முழம் மல்லிகையைச் சாத்திவிட்டுக் கதவுக்குப் பின்னால் போய்விட்டேன்.

நீங்கள் வந்து பூவைப் பார்த்துச் சிரித்தீர்கள். மூடி மூடியபடியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டு சுவிட்சைப் போட்டீர்கள்.

காற்றாடி சுற்றும் சத்தம் வந்தது. திரை கருப்பாகவே இருந்தது. டப்பா கத்தியது, ஒரு நீளம், இரண்டு குட்டை. நிறுத்திவிட்டு மறுபடியும் போட்டீர்கள். மறுபடியும் ஒரு நீளம், இரண்டு குட்டை. லேசாகக் கருகல் வாடை வந்தது.

“என்ன தம்பி, அழுகுது?” என்றார் ரங்கசாமி.

“என்ன கோளாறுன்னு அதுவே சொல்லுதுங்க. படம் காட்டற அட்டைல ஏதோ. ஒரு அஞ்சு நிமிஷம் குடுங்க, தொறந்து பார்த்தர்றேன்.”

“அஞ்சு நிமிஷமா?” என்று அண்ணன் ஆரம்பித்தார். “நான் அன்னைக்கே சொன்னனுங்க ரங்கசாமி. நாலு கடையில பொறுக்குனது எப்பிடிங்க ஒட்டும்? முழுப்பெட்டியா நானே வாங்கித் தாரேன்னேன். இவருக்கு மாட்டுச் சந்தை நாயம் பேசத்தான் தெரியுது.”

உங்கள் காது சிவந்து போனது. திருகாணியைக் கழற்றப் போன கை அப்படியே நின்றது. சந்தனம்தான் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. கதவைத் தள்ளிக்கொண்டு முன்னறைக்கு வந்தேன். நாலு வருஷத்தில் முதல் தடவையாக உங்கள் முகத்தைப் பார்த்துப் பேசினேன்.

“சாமான் மேல தப்பில்லீங்க மாப்ளே. நாந்தானுங்க உள்ள பொட்டு வெச்சேன். அண்ணன் வெக்கச் சொன்னாருங்க.”

“நானா?” என்றார் அண்ணன். “நான் எப்ப சொன்னேன்? ஏம்புள்ள தெய்வாத்தா, நீ பக்கத்துலதானே நின்னே. நான் அப்பிடி ஏதாச்சும் சொன்னனா?”

தெய்வாத்தாள் தரையைப் பார்த்தாள். சந்தனம் அவள் கட்டைவிரலில் இன்னும் காயவில்லை. “எனக்கொண்ணும் காதுல உழுகலீங்க” என்றாள்.

“பாருங்க” என்று அண்ணன் சிரித்தார். “மருமகனுக்கு மாமியா வக்காலத்து. கதவைத் தாண்டாதவ இன்னைக்குத் தாண்டி வந்துட்டா.”

உங்கள் மாமனார் என்னை உள்ளே போகும்படி கண்ணால் சொன்னார். நான் போகவில்லை. ரங்கசாமி எழுந்துவிட்டார். “பொட்டோ பொருளோ, எனக்கு என்னங்க தெரியும்? ஊட்டுக்குள்ளயே ஒரு பேச்சு நிக்க மாட்டீங்குது. கம்பெனி மிசினா ஒண்ணு வாங்கிப் போட்டுட்டுச் சொல்லிவிடு தம்பி, அப்பறம் பார்ப்போம்.” அவருக்காகக் கலந்த காப்பி ஆறிப்போய்விட்டது.

அவர் தெருமுனை தாண்டுவதற்குள் நீங்கள் மூடியைக் கழற்றிவிட்டீர்கள். என் ஐந்து பொட்டும் அங்கேயே இருந்தன, ஒன்றைச் சுற்றி மட்டும் கருப்பு. என்ன சொல்வீர்களோ என்று நின்றேன். நீங்கள் சொன்ன முதல் வார்த்தை, “அத்தை, ஊட்டுல ஸ்பிரிட் இருக்குதுங்களா?”

உங்கள் மாமனாருக்குச் சர்க்கரை ஊசி போட வைத்திருந்த ஸ்பிரிட்டைக் கொண்டுவந்தேன். பஞ்சில் நனைத்து நனைத்து இரண்டு பேருமாகத் துடைத்தோம். “இது என்னங்க, இத்தாச்சோடு பெரிய பலகை?” என்று கேட்டேன். “மதர்போர்டுங்க அத்தை. மதர்னா அம்மா. மாமியா போர்டு இன்னும் வல்லீங்க” என்றீர்கள். பூங்கொடி அழுதுகொண்டிருந்தவள் சிரித்துவிட்டாள். மறுநாள் காந்திபுரம் போய் அந்த ஓர் அட்டையை மட்டும் மாற்றிக்கொண்டு வந்தீர்கள். மத்தியானமே டப்பா ஓடியது. ஒட்டுமொத்தப் பெட்டியாக இருந்திருந்தால் கம்பெனிக்கு அனுப்பிவிட்டு மாசக்கணக்கில் உட்கார்ந்திருக்க வேண்டும். முத்திரை போட்ட பெட்டியாக இருந்திருந்தால் நான் உள்ளே பொட்டே வைத்திருக்க முடியாது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

அடுத்த வாரம் நீங்கள் ரங்கசாமியிடம் போய்ச் சொல்லிப் பார்த்தீர்கள். அதற்குள் ராம் நகரில் கம்பெனிப் பெட்டி வைத்திருந்த ஒருவருக்கு வேலையைக் கொடுத்துவிட்டார். நீங்கள் பழைய கம்பெனிக்கே திரும்பிப் போனீர்கள். உங்களுக்குக் கீழே இருந்த பையன் உங்கள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். ஆறு வருஷம் அங்கே இருந்தீர்கள், சாயங்காலம் மட்டும் வீட்டில் வரைந்தீர்கள். பிறகுதான் சொந்தமாக ஆபீஸ் போட்டீர்கள். ஐந்து நிமிஷத்தில் கிடைத்திருக்க வேண்டியது ஆறு வருஷம் கழித்துக் கிடைத்தது. ஒருநாளும் அதை என்னிடம் சொல்லிக்காட்டவில்லை. அன்றிலிருந்து காப்பி மட்டும் நேராக என்னிடமே கேட்டீர்கள்.

உங்கள் காரியத்தன்று தெய்வாத்தாள் வந்தாள். எல்லாரும் சாப்பிடப் போன பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள். “அன்னைக்கு அவரு சொன்னது எனக்கு நல்லாக் கேட்டுது ருக்கு. தண்ணி உட்டவளே நாந்தானே. அத்தனை பேரு முன்னால கட்டுன ஆளு பேச்சை எப்பிடி மாத்திப் பேசறது, சொல்லு” என்றாள். நான் என் கையை எடுத்துக்கொண்டேன்.

அண்ணன் நிஜமாகவே மறந்துவிட்டார் என்று இப்போது நினைக்கிறேன். வாயைத் திறந்தால் மூடாதவர். காலையில் சொன்னது மத்தியானம் அவருக்கே நினைவிருக்காது. அவர் இறந்துபோனபோது கூடப் பிறந்தவளாக நின்று செய்ய வேண்டியதைச் செய்தேன், கோபத்தையும் அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். ரங்கசாமி வியாபாரி, அவருக்கு நேரம் முக்கியம். நான் தெரியாமல் செய்தேன், பஞ்சை என் கையில் கொடுத்தபோதே நீங்கள் என்னை விட்டுவிட்டீர்கள். நீங்கள் விட்டதை நான் பிடித்துவைக்க முடியாது.

ஆனால் அன்று அவள் ஒரு தடவை தலையாட்டியிருந்தால் போதும். அண்ணன் வாய் மூடியிருக்கும், ரங்கசாமி ஐந்து நிமிஷம் உட்கார்ந்திருப்பார், அவர் கண் முன்னால் நீங்கள் டப்பாவைத் திறந்திருப்பீர்கள். புருஷன் முன்னால் பேசக்கூடாது என்பது அவளுக்கு வழக்கம் என்றால், மாப்பிள்ளை முன்னால் வரக்கூடாது என்பது எனக்கும் வழக்கம்தான். நான் வந்தேன். கேட்டதைக் கேட்டது என்று சொல்லாமல் நீங்கள் உயிரோடிருந்த காலம் முழுக்க மூடிவைத்திருந்து, உங்களை அனுப்பிவிட்டு வந்த வீட்டில் என்னிடம் இறக்கிவைத்தாளே, அவளை நான் மன்னிக்கவில்லை மாப்பிள்ளை. இனியும் மாட்டேன். என் அண்ணன் பெண்டாட்டி, தெய்வாத்தாள்.