பால்குடி மகனும் புதுச் சட்டமும்

என் அன்பு ரிஸ்வான் நானாவுக்கு,

உன் கப்ரடியில் நின்று சொன்ன ஸலாம் போதாதென்று இங்கேயும் ஒன்று சொல்லிக்கொள்கிறேன். அஸ்ஸலாமு அலைக்கும். என்னிலும் நாலைந்து மாசம் மூத்த அண்ணன் என்பதுக்காக ஆயுள் முழுக்க உன்னை ‘நானா’ என்று கூப்பிட வைத்தவன் நீ. நீ மௌத்தாகி மண்ணுக்குள் போய் வருசம் ஒன்றாகப் போகுது. கூப்பிட ஆளில்லாமல் என் வாய் சும்மா கிடக்குது. சும்மா கிடந்தால் அது என்னென்ன வேலை பார்க்கும் என்று உனக்குத் தெரியும்தானே?

உன் உம்மா மாம்புரியில் எங்களோடுதான் இருக்கிறா. வலக்கையும் பேச்சும் விழுந்து போச்சு. என் மகள் கஞ்சி ஊட்டும்போது பிடிக்காவிட்டால் இடக்கையால் தட்டிவிடுறா. கோபத்துக்கு மட்டும் ஒரு குறையுமில்லை.

போன மாசம் ஆஸ்பத்திரியில், நோயாளிக்கு நான் என்ன முறை என்று கேட்டார்கள். மகன் என்றேன். வாப்பாட பேர் வேறாக இருக்கே என்றார்கள். பால்குடி மகன் என்றேன். கேட்ட நர்ஸ் பிள்ளை பேனையைக் கீழே வைத்துவிட்டு, பெத்த பிள்ளை இருந்தால் போன் கோல் எடுக்கச் சொன்னா. கொழும்பில் இருக்கிற உன் தங்கச்சி ஸுமையாவுக்கு எடுத்தேன். அவ அழுதா. அழுது முடித்து, தன் வீட்டுக்குக் கிட்ட ஒரு முதியோர் இல்லத்தில் இடம் பார்க்கிறேன், நோன்புக்கு முந்திக் கூட்டிக்கொண்டு போறேன் என்றா. அவவில் பிழையில்லை. மாடி வீடு, பகல் முழுக்க வேலை. ஆனால் அன்றையிலிருந்து எனக்கு ஒரு இடத்தில் குந்த முடியவில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் அரசாங்கத்து ஆட்கள் மண்டபத்தில் கூட்டம் வைத்தார்கள். பிள்ளைகள், குடும்பங்கள், பராமரிப்பில் இருக்கிற வயசாளிகள் எல்லாருக்குமான சட்டத்தைத் திருத்தப் போறாங்களாம், சனத்தின் கருத்து வேணுமாம். குடும்பம் என்றால் யார் யார் என்று ஒரு மிஸ் வாசித்தா. பெத்த பிள்ளை, தத்தெடுத்த பிள்ளை, பேரப்பிள்ளை. எட்டாம் வகுப்போடு நின்ற மண்டைக்கும் அதில் நான் இல்லை என்பது விளங்கிச்சு. எழும்பினேன்.

எங்களை ஊரைவிட்டு விரட்டினபோது மன்னாரிலிருந்து கற்பிட்டிக்கு வந்த வள்ளத்தில் என்னைப் பெத்த உம்மாவுக்குக் காய்ச்சல் வந்து பால் வற்றியதைச் சொன்னேன். அங்கேயும், பிறகு முகாமில் கிடந்த மாசங்களிலும் உன் உம்மா நம்ம ரெண்டு பேருக்கும் பால் தந்ததைச் சொன்னேன். சபை அமைதியாகக் கேட்டது. அதோடு நான் குந்தியிருக்கலாம்.

“மிஸ், அந்த உம்மாட மகளை நான் பொண்ணு கேட்டவன். சேர்ந்து குடிச்ச நானா மட்டும்தான் சகோதரம், பிறகு பிறந்தவ ஆகாது எண்டு கணக்குப் போட்ட மடையன் நான். ஒரே உம்மாட பால் குடிச்சா அவவும் தங்கச்சிதான், கட்டுறது ஹராம் எண்டு திருப்பி அனுப்பினாங்க. பொண்ணைத் தடுக்க அந்தப் பால் போதுமாம். உம்மாவை வச்சிருக்க மட்டும் காணாதா?”

மண்டபம் முழுக்கச் சிரிப்பு. பின்வரிசையில் என் மனிசி பர்ஸானா இருக்கிறது அப்போதுதான் நினைவு வந்தது.

மிஸ் சிரிக்கவில்லை, எழுதிக்கொண்டா. சட்டத்தில் வருமா என்று கேட்டேன். இது கருத்து மட்டும்தான், காலம் எடுக்கும், அதுவரைக்கும் மகள் சொல்றதுதான் என்றா. உம்மாவிடம் எவ்வளவு காலம் இருக்குது நானா?

ஓட்டோவில் பாதித் தூரம் வந்ததும் பர்ஸானா என் பக்கம் திரும்பிக் குந்தினா. பிறகு மெதுவாகச் சொன்னா.

“அந்தப் பாலை நீங்க குடிக்காம இருந்திருந்தா நான் தப்பியிருப்பேன்.”

நான் சிரிக்கப் பார்த்தேன். அவட முகத்தில் சிரிப்பில்லை.

“கழுவித் துடைச்சு உடுப்பு மாத்துறது நான். என்னை எந்த முறையில எழுதச் சொன்னீங்க?”

இவ்வளவு பேசினவனுக்கு அது மட்டும் நினைவில் வரவில்லையே, ஏன்?

அன்று பின்னேரம் பர்ஸானாவே ஸுமையாவுக்குக் கோல் எடுத்தா. குசினிக்குள் நின்று கனநேரம் கதைத்தாங்க. வெளியே வந்து, வெள்ளிக்கிழமை வாகனத்தோடு வாறாவாம் என்று மட்டும் சொன்னா. கூட்டிப் போகவா, பார்த்துவிட்டுப் போகவா? அது ஸுமையாவுக்கே தெரியாதாம். நாளைக்கு வெள்ளி. வாசலுக்கும் உம்மாட கட்டிலுக்கும் நடந்துகொண்டே இருக்கிறேன்.

நானா, இது என் வாக்கு. அவ உம்மாவை ஏற்றினால் நான் குறுக்கே நிற்கமாட்டேன், அவ பெத்த பிள்ளை. ஆனால் நானும் பர்ஸானாவும் பின்னால் ஏறிக் குந்துவோம். அந்த இல்லத்து வாசலில் யாரென்று கேட்பார்கள். மகனும் மருமகளும் என்று சொல்லுவோம். நம்பாவிட்டால் அடுத்த கிழமையும் பஸ் ஏறிப் போய் அதையே சொல்லுவோம்.

உன் பால்குடித் தம்பி,
நஸீர்