என் நிரூபணமும் பாதுஷாவும்

கல்கத்தா
9 நவம்பர் 1938

பிரியமுள்ள அத்தாவுக்கு, மகன் காஜா மைதீன் ஸலாம். நோன்பு சுகமாகப் போகிறது. அம்மாவுக்கு மூட்டுவலி குறைந்ததா?

இங்கே ஒரு சிறு சங்கதி. பெரிதாக நினைக்க வேண்டாம். கணிதத்தில் இரண்டு வருடம் உழைத்து நான் கண்ட நிரூபணத்தை, என்னோடு தங்கியிருக்கும் நம்மூர் சிம்மக்கல் பாதுஷா சனிக்கிழமை தன் பெயரில் கணித சபையில் வாசித்தான். என் பழைய நோட்டைப் பார்த்து எழுதியிருக்கிறான். அதில் ஒரு படி தவறு, பிறகு புது நோட்டில்தான் சரிசெய்தேன். அந்த இடத்தில் பேராசிரியர் கேள்வி கேட்டதும் அவன் திகைத்து என்னைப் பார்த்தான். பேசாமல் இருந்திருக்கலாம். கணக்கு பொய்யாகி நிற்பதைப் பொறுக்காமல் எழுந்து போய்ப் பலகையில் திருத்தினேன். நண்பனுக்கு நன்றாக உதவினாய் என்று பேராசிரியர் தட்டிக்கொடுத்தார்.

வெளியே வந்ததும், "கோவிச்சுக்கிடாத மாப்ள, எனக்கு ஒரு வேலை கெடைக்கணும்ல" என்றான் பாதுஷா. இன்னும் ஒரே அறையில்தான் இருக்கிறோம்.

கொஞ்சம் பருப்புப்பொடி அனுப்புங்கள். அடிக்கடி எழுதுங்கள். பெருநாளுக்கு அவன் மதுரை வருகிறான். வீட்டுக்கு வந்தால் வயிறாரச் சாப்பாடு போடுங்கள். அங்கே பெட்டியிலுள்ள என் மற்ற கணக்கு நோட்டுகளைக் கேட்டால் மட்டும், கறையான் தின்றுவிட்டது என்று சொல்லிவிடுங்கள்.

தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது.

காஜா