நீ சொல்லிக்கொடுத்த நாலு சொல்

அன்புள்ள மகனுக்கு, அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், பேனா நகரவில்லை. அப்பாவின் முட்டிவலி பழசு. உன் பெண்டாட்டி சரியாகச் சாப்பிடாதது புதுசு. நீ நலமாகத்தான் இருப்பாய், உனக்கென்ன.

போகிற ஊரில் வீடு பார்த்ததும் கூட்டிக்கொள்கிறேன் என்று அவளை எங்களிடம் விட்டுப் போனாய். அவள் பேசும் ஸ்பானிஷ் எனக்குத் தெரியாதென்று நாலு சொல்லைப் போனில் பேசி அனுப்பினாய். கோமே என்றால் சாப்பிடு, பேபே என்றால் குடி, தெஸ்கான்சா என்றால் ஓய்வெடு, எஸ்பெரா என்றால் பொறு. வீட்டுக்கு வந்த பெண்ணோடு பேச நாலு அதட்டல் போதுமென்று எந்தப் புத்தியில் நினைத்தாய்? நானும் மண்டு மாதிரி மனப்பாடம் செய்தேன். போன வாரம் குக்கர் அடங்குவதற்குள் தட்டோடு வந்தாள், எஸ்பெரா என்றேன். தட்டை மேடையில் வைத்துவிட்டு அழ ஆரம்பித்துவிட்டாள். போனில் நீ அவளுக்குச் சொல்வதெல்லாம் அந்த ஒரு சொல்தானாம். அரைகுறைத் தமிழிலும் கையாலும் அவள் அதைச் சொல்லி முடித்தாள்.

அன்றிலிருந்து அவளிடமே பாடம் கேட்கிறேன். வினைச்சொல்லின் கடைசி ர்-ஐ நறுக்கினால் கட்டளை வந்துவிடுகிறது. கொம்ப்ரார் என்றால் வாங்குவது, கொம்ப்ரா என்றால் வாங்கு. ஈர் என்று முடிந்தால் மட்டும் அந்த ஈ ஏ ஆகும், சுபீர் ஏறுவது, சூபே ஏறு. பெரியவர்களுக்குச் சொல்லும்போது கடைசி ஆ ஏ ஆகும், ஏ ஆ ஆகும். அப்பாவிடம் சாப்பிடுங்கள் என்பதற்கு அவள் கோமா என்றாள், மனுஷன் முதல் நாள் பயந்தே போனார். அந்த மரியாதை உன்னிடம் இல்லை.

நேற்று அவள் பெட்டியை இறக்கினாள். பொறு என்று நான் எந்த முகத்தோடு சொல்வேன்? பக்கத்தில் உட்கார்ந்து துணி மடித்துக் கொடுத்தேன். சாயங்காலம் அவளாகவே இரண்டு உடுப்பை எடுத்துத் திரும்ப அலமாரியில் வைத்தாள். பெட்டி இன்னும் திறந்தே கிடக்கிறது. அந்த இரண்டு உடுப்புதான் உனக்கு மிச்சமிருக்கும் அவகாசம், அதற்கு மேல் என்னிடம் வந்து நிற்காதே.

உங்கள் இரண்டு பேருக்கும் என் ஆசி உண்டு, உன் பங்கை நேரில் வந்து வாங்கிக்கொள். யாமா, முதலில் அவளைக் கூப்பிடு. கொம்ப்ரா, டிக்கெட்டை வாங்கு. சூபே. ரெக்ரேசா, திரும்பி வா. நாலு சொல்தான், நீ எனக்கு அனுப்பியதும் நாலுதான்.

இப்படிக்கு,
அவள் பக்கம் நிற்கும் உன் அம்மா